மூன்று தந்தியோடு வாருங்கள்

பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்தத் தொழிலுக்குள் புதிதாக நுழைந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, ராயபுரம் ஃபிலோ அக்கா பேசுகிறேன். முழுப் பெயர் ஃபிலோமினா. ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்குப் பிறகு அதை முழுசாகச் சொன்னவர் யாருமில்லை. கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, எழுப்புதல் கூட்டம், கட்சி மாநாடு என்று எது வந்தாலும் மேடை ஏறி, நாலு தந்தியை அடித்து வீட்டை ஓட்டியவள் நான். போன வருஷம் ஓய்வு பெற்றேன். இடது கை மோதிர விரல் மடங்கினால் நிமிர மாட்டேன் என்று அடம்பிடித்தது. மறு கையால் பிடித்து இழுத்தால் டக்கென்று சொடுக்கிக்கொண்டு நிமிரும். சின்னதாக ஒரு கீறல் போட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். கத்தி என்றால் எனக்குக் குலை நடுங்கும். அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பேஸைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

இவ்வளவும் வயிற்றுக்காக வாசித்த கதை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மட்டும் எனக்காக வாசித்தேன். அது புரோகிரெசிவ் ராக். ஒரே பாட்டு அரை மணி நேரம் ஓடும். நடுவில் தாளம் மாறும், சுதி மாறும், கேட்கிறவன் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் பாட்டு முடிந்திருக்காது. "இத்த யாரு கேக்கப் போறாங்க?" என்று என் வீட்டுக்காரர் சாகும் வரை கேட்டார். நான் கேட்கிறேன் என்று நானும் கடைசி வரை பதில் சொன்னேன்.

நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அக்கா, உலகத்துல யாரு பெரிய பேஸ்?" டீக்கடையில் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒருவர் பிக் என்கிற பிளாஸ்டிக் சில்லால் அடித்தால் இரும்பைத் தேய்க்கிற மாதிரி ஒலி. இன்னொருவர் இரண்டே விரலைத் தந்தியில் ஓடவிட்டுக்கொண்டே பாடவும் செய்கிறார், போதாததற்குக் காலால் பெடலையும் மிதிக்கிறார். இன்னொருவர் இரண்டு கையையும் கழுத்துப் பலகையில் வைத்து டைப் அடிக்கிறார். இதில் யார் பெரியவர்? ஒப்பிடவே கூடாது, ஒவ்வொருத்தரும் ஒரு விதம், ஃபீல்தான் முக்கியம் என்று நீட்டி முழக்கும் ஆட்கள் உண்டு. அதெல்லாம் சோம்பேறிப் பேச்சு. கையில் வித்தை இருக்கிறதா இல்லையா என்பது அளக்கக்கூடிய விஷயம். தாராளமாக ஒப்பிடுங்கள். ஆனால் எதை வைத்து அளக்கிறோம் என்று தெரிந்து அளந்து பாருங்கள்.

எனக்கு அளவுகோல் கொடுத்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. காசிமேட்டுப் பக்கம் ஓர் எழுப்புதல் கூட்டம். சாயங்காலம், இரண்டு குழு. கரண்ட் போய்விட்டது. சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஆம்ப் செத்துப்போனால் பேஸ் வெறும் மரக்கட்டை. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, மற்றக் குழுவின் பேஸ்காரர் கிட்டாரின் உடம்பில் கொம்பு மாதிரி நீண்டிருக்கும் மேல் முனையில் தாடையை வைத்துக்கொண்டு தன்பாட்டுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். எலும்பு வழியாகச் சத்தம் காதுக்குள் போகும். என் பக்கம் கொம்பை நீட்டி, "வெச்சுப் பாரும்மா" என்றார். வைத்தேன். ஒவ்வொரு அடியும் ஒரே கனம். ஒவ்வொரு சுரமும் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே கத்தரித்தாற்போல் நின்றது. பிறகு என் கிட்டாரில் வைத்துக் கேட்டேன். ஒன்று கனம், ஒன்று லேசு, ஒன்று வால் மாதிரி இழுத்துக்கொண்டு போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் யாரையும் ஆம்ப் வழியாக முதலில் கேட்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் குழுவின் பெயர் ஏழரை. முதன்முதலில் போட்ட பாட்டு ஏழரை அடி தாளம், அதனால் அந்தப் பெயர். வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று ஊரில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். தலைவர் டிரம்ஸ் வாசிக்கும் இம்தியாஸ் பாய், ஏசி மெக்கானிக். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஓர் ஐஸ் கம்பெனியின் மாடியில்தான் எங்கள் பயிற்சி. கீழே கம்ப்ரசர் நாள் முழுக்க ஒரே சுதியில் உறுமும். அதே சுதியில் வாசித்தால் பேஸ் காணாமல் போய்விடும் என்பதால், எங்கள் பாட்டையெல்லாம் அரைச் சுதி தள்ளி வைத்திருந்தோம்.

அங்கே நான் போட்ட பாட்டு ஒன்று உண்டு. பெயர் முகத்துவாரம். எண்ணூரில் ஆறு கடலோடு சேருகிற இடத்தைப் பார்த்துவிட்டு வந்து போட்டது. ஆறு ஒரு பக்கம் தள்ளும், கடல் மறுபக்கம் தள்ளும். பாட்டிலும் அப்படித்தான். டிரம்ஸ் ஐந்தடியில் போகும், பேஸ் ஏழடியில் போகும். இரண்டும் விலகி, முட்டி மோதி, கடைசியில் ஒரே அடியில் வந்து சேரும். மேல் தந்திகளில் விரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இருப்பதிலேயே தடித்த தந்தி அடியில் திரும்பத் திரும்ப உறும வேண்டும். வருஷக் கணக்கில் செதுக்கியது அது. ஆனால் சபையில் ஒரு தடவைகூட வாசித்ததில்லை. எங்களைக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் சினிமாப் பாட்டுதான் வேண்டும்.

அப்படி இருக்கையில் ஊரின் தெற்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. சொந்தப் பாட்டு வாசிக்கும் குழுக்களுக்கு மட்டும் ஒரு மாலை. முகத்துவாரத்தை முழுசாக வாசிக்கலாம் என்றார்கள். அந்த அழைப்பு வந்த சமயம் பார்த்துத்தான் என் விரல் மடங்கியது. நான் அழுததை மறைக்கப்போவதில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து நன்றாகவே அழுதேன்.

"ஏழ நாலாக்கிட்லாம் ஃபிலோ. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் இம்தியாஸ் பாய்.

"எனக்குத் தெரியும் பாய்."

"சொம்மா வீம்பு புடிக்காத. நாலுன்னா நம்ம கீபோர்டு தம்பியே இடது கையில சமாளிச்சிடுவான்."

"ஏழு ஏழாத்தான் போவும். என் கை இல்லாட்டி வேற கை. ஆள நான் புடிக்கிறேன்."

இரண்டு பேர் வந்தார்கள். கார்த்திக், விம்கோ நகர்ப் பையன், எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஆனால் தந்தியைக் கொலை செய்கிற மாதிரி அடிப்பான். இன்னொருத்தி ஜெனி, திருவொற்றியூர்க் கடலோரம் வீடு, வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. இடது கைக்காரி. அவள் பேஸில் தந்திகள் தலைகீழாக இருக்கும், நீங்களோ நானோ எடுத்தால் ஒன்றும் வாசிக்க முடியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பயிற்சி செய்வாள். "சாப்பிடாம என்னத்தம்மா தடவிக்கிட்டு இருக்க?" என்று கடை அண்ணாச்சி கேட்பாராம். தொடுகை அவ்வளவு மென்மை.

விரல் மடங்குவதற்கு முன்னால் பதிவு செய்து வைத்திருந்த முகத்துவாரத்தை இருவருக்கும் கொடுத்தேன். கற்றுக்கொண்டு வந்தார்கள். பெயரைச் சொன்னாலே சிரிப்பு வருகிற ஒரு பரீட்சை எங்கள் மாடியில் உண்டு. பேச்சுக் கொடுப்பது. ஒருவர் ஏழடியில் வாசித்துக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் சுற்றி நின்று வீட்டு விஷயம் கேட்பார்கள். அவர் பதில் சொல்ல வேண்டும், தாளமும் தவறக் கூடாது. எண்ணிக்கை வாயில் இருந்தால் பேசியதும் உடைந்துவிடும். கையில் இறங்கியிருந்தால் நீங்கள் சண்டையே போடலாம்.

முதலில் தாடைப் பரீட்சை. ஜெனியின் கொம்பில் தாடையை வைத்தேன். பேர் தெரியாத அந்த மனிதரின் கை ஞாபகத்துக்கு வந்தது. ஒரே கனம், சுத்தமான நிறுத்தம். கார்த்திக்கிடம் வைத்தபோது பல் ஆடியது. கனம் ஒரே கனம்தான், ஆனால் அத்தனையும் சம்மட்டி.

அடுத்து பேச்சு.

"ஜெனி, காலைல இன்னா துன்ன?" என்றார் பாய்.

"ஒண்ணும் துன்னல பாய். எங்கம்மா கோச்சுகினு கீது. ஞாயித்துக்கெயமைல மீன் ஆயாம கிட்டாரத் தூக்கிகினு கெளம்பிட்டேன்னு." ஏழு அசையவில்லை.

"கார்த்திக்கு, நீ இன்னா துன்ன?"

"ம்."

"இன்னாடா ம்?"

"ஆங்." வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. தாளம் தப்பவில்லை, ஆனால் அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

மூன்றாவது வேகம். ஐந்தும் ஏழும் முட்டிக்கொள்ளும் இடத்தில் பேஸ் பறக்க வேண்டும். ஜெனி அங்கே மூச்சுத் திணறினாள். இரண்டு தடவை கொடுத்தும் கடைசிச் சுற்றில் கை பின்தங்கியது. கார்த்திக் அந்த இடத்தைச் சும்மா பிய்த்து உதறினான். இம்தியாஸ் பாயே குச்சியை நிறுத்திவிட்டு "ஸோக்கா கீதுப்பா" என்றார்.

நிகழ்ச்சிக்கு நாள் நெருங்கிவிட்டது. மென்மையில்லாமல் அந்தப் பாட்டை வாசித்துவிடலாம், அந்த வேகம் இல்லாமல் வாசிக்கவே முடியாது. இதுதான் என் கணக்கு. கார்த்திக் என்று சொன்னேன்.

"அப்ப நான் தோத்துட்டனா?" என்றாள் ஜெனி.

"ஆமா."

"எவ்ளோல?"

"அந்தக் கடைசிச் சுத்துல. மத்த எல்லாத்துலயும் நீதான்."

சுற்றி வளைக்காமல் சொன்னதற்கு அவள் முகம் சிவந்தது. ஆனால் சுற்றி வளைத்திருந்தால் இன்னும் கோபப்பட்டிருப்பாள். பேஸை உறையில் போட்டு, ஜிப்பை வேகமாக இழுத்து, வணக்கம்கூடச் சொல்லாமல் இறங்கிப்போனாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, இருந்தாலும் கூப்பிடவில்லை.

நிகழ்ச்சி அன்று சாயங்காலம். அரங்கம் பெரியது, ஏசி போட்டது, வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் துடிப்பாக இருந்தார்கள். அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, "அடுத்தது நார்த் மெட்ராஸ் டீம்! கானாவுக்கு எல்லாரும் ரெடியா?" என்றார். கைதட்டல், விசில். இம்தியாஸ் பாய் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எட்டி மைக்கை இழுத்தார்.

"கானாவும் எங்க ஊருதான் நைனா. இதுவும் எங்க ஊருதான். கொஞ்சம் குந்திக் கேளுங்க."

நான் மேடை ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில் நின்றேன். யாரோ அருகில் வந்து நிற்பது தெரிந்து திரும்பினால் ஜெனி. முதுகில் பேஸ்.

"இத்த ஏன்டி தூக்கிகினு வந்த?"

"கடைலேர்ந்து நேரா வரேன்க்கா. எங்க வெச்சுட்டு வர்றது?" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் உறையைத் திறந்து, காதைக் கொம்பில் வைத்து, சுதி சேர்க்கத் தொடங்கினாள்.

முகத்துவாரம் தொடங்கியது. ஆறு மெதுவாக வந்தது, கடல் தொலைவில் கேட்டது. கார்த்திக்கின் தடித் தந்தி பளிச்சென்று உறுமியது. அந்தப் பளபளப்பு எனக்குச் சந்தேகம் தந்தது. நேற்று வரை அந்தத் தந்தி மந்தமாக அல்லவா இருந்தது?

கடல் காற்றில் நம் தந்தியெல்லாம் சீக்கிரம் துருவேறி மந்தமாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். புதுசு வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் நம் பக்கத்தில் எல்லோரும் தந்தியைக் கழற்றி, பாத்திரத்தில் சோடா உப்புப் போட்டு, அடுப்பில் வேகவைத்து மறுபடி மாட்டுவோம். அழுக்கு போய்க் கொஞ்ச நாளைக்குப் புதுசு போல் ஒலிக்கும். ஆனால் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, முறுக்காணியில் மடிகிற இடத்தில் தந்தி செத்துப்போயிருக்கும். நிகழ்ச்சி அன்று மட்டும் வேகவைக்கவே கூடாது. இதை நான் சொல்லாத ஆள் இல்லை. கார்த்திக்கிடமும் சொல்லியிருந்தேன். பெரிய அரங்கில் பளிச்சென்று கேட்க வேண்டும் என்ற ஆசையில் அவன் காலையில் வேகவைத்திருந்தான், அதுவும் சம்மட்டிக் கையை வைத்துக்கொண்டு.

ஐந்தும் ஏழும் பிரிந்து ஓடத் தொடங்கிய இடத்தில் படாரென்று தடித் தந்தி அறுந்து, சுருண்டு, அவன் மணிக்கட்டில் அடித்தது.

ஏசுவே! என் விரல் மடங்கிக் கிடக்கிறது, என் பேஸ் ராயபுரத்தில் பெட்டிக்குள் கிடக்கிறது. ஜெனியின் பேஸ் இடது கைக்கானது, அவனால் அதை வாசிக்க முடியாது. மீதி மூன்று தந்தியில் அவன் பாட்டை நொண்டியடித்து முடிக்கலாம். அடியில் உறுமல் இருக்காது. கடைசியில் ஆறும் கடலும் சேருகிற இடத்தில் ஒன்றுமே இருக்காது. ஆனாலும் மேடை அவனுடையது. அந்த இடத்துக்காக அவன் எவ்வளவு ஏங்கினான் என்பது எனக்குத் தெரியும்.

அவன் நிறுத்தவில்லை. ஏழு ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கம் இரண்டடி நகர்ந்து வந்தான். ம், ஆங் தவிர வேறு பேச வராதவன் வாயைத் திறந்தான்.

"ஜெனி. இப்ப கீபோர்டு மட்டும் ஒரு சுத்து வரும். நான் ஒயர கயட்டித் தரேன். சொருகிகினு ஏறு."

"கார்த்தி, இது உன்..."

"அப்பால பேசலாம். ரெடியா இரு."

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சத்தம் போய்க்கொண்டிருக்கும் ஒயரை அப்படியே பிடுங்கினால் ஸ்பீக்கரில் பட்டாசு வெடித்த மாதிரி கேட்கும். பதற்றத்தில் பெரிய பெரிய ஆட்களே பிடுங்கியிருக்கிறார்கள். இவன் பேஸ் ஓய்கிற அடி வரும் வரை காத்திருந்தான். வந்ததும் சுண்டுவிரலால் வால்யூமை முழுக்க அடக்கி, பிறகு கழற்றி நீட்டினான். அவளும் தன் வால்யூமை அடக்கி வைத்திருந்தாள். சொருகினாள், நடந்தாள், திறந்தாள். கீபோர்டு சுற்று முடிந்து ஏழு தொடங்கும் அடியில் தடித் தந்தி உறுமியது.

கார்த்திக் உள்ளே வரவில்லை. மேடையில் அவள் பக்கத்திலேயே, ஊமையாகிப்போன கிட்டாரோடு நின்று, காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கடைசிச் சுற்று வந்தது. ஜெனி பின்தங்குகிற இடம். அவன் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி எண்ணிக்கை சொல்லத் தொடங்கினான். அவள் பறந்தாள் என்று சொல்ல மாட்டேன். ஒரு சுரத்தை விழுங்கினாள், எனக்குத் தெரிந்தது. ஆனால் சேர வேண்டிய அடியில் ஐந்தும் ஏழும் வந்து சேர்ந்தன. நான் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு தேம்பினேன். வருஷக் கணக்காக என் காதுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு அது.

முடிந்ததும் கல்லூரிக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "நடுவுல ஆள் மாறினீங்களே, சூப்பர் கான்செப்ட் சார்!"

"ஆமா சார். அதுக்குத்தான் ரொம்ப நாளா பேஜாரு பட்டோம்" என்றார் இம்தியாஸ் பாய், கண் சிமிட்டாமல்.

கார்த்திக்கை நான் தனியாக இழுத்து வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "இன்னிக்குத் தந்திய வேவிச்சியாடா கஸ்மாலம்? சொன்னேனா இல்லியா?" அவன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கோடு. திட்டி முடித்ததும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மாடிக்கு வெறுங்கையோடு வந்தான். பேஸ் இல்லை.

"பேஸ் சீட்டு ஜெனிக்குத்தான்க்கா. முடிச்சது அதுதான?"

எனக்குச் சரி என்றுதான் பட்டது. நல்ல பிள்ளை என்று மனசுக்குள் மெச்சவும் செய்தேன். ஜெனி எழுந்து நின்றாள்.

"நான் உன்னாண்ட கேட்டனா? நீ குட்த்து நான் வாங்கிக்கணுமா? உன்னவிட நான் கொறச்சல்னு அக்கா மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. அத்த நான் வாசிச்சு எடுத்துக்கிறேன். நீ தர்மம் பண்ணாத."

"தர்மம்லாம் இல்ல ஜெனி..."

"பின்ன இன்னாத்துக்குக் கைய வீசிகினு வந்த? எட்த்துகினு வா, வாசி."

தம்பிகளே, தங்கைகளே, எனக்கு அந்தப் பெண் மேல் வந்த மரியாதையை எப்படிச் சொல்வேன்! இடம் மடியில் வந்து விழுகிறது, எடுத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான்கூட அதைத்தான் நினைத்தேன். அவள் என்னையும் சேர்த்தே அறைந்தாள்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றேன். "அடுத்த ஞாயிறு மறுபடியும் பரீட்ச. அன்னிக்கு அறுந்துச்சே, அந்தத் தடித் தந்திய கயட்டி வெச்சுட்டு வாங்க. மூணு தந்தி. முகத்துவாரம் முழுசா."

"இன்னா ஃபிலோ, மூணு தந்தில அது வராது" என்றார் பாய்.

"வருதா வரலியான்னு பாப்போம்." வருமா என்று எனக்கும் தெரியாது. போட்டவள் நான்தான், ஆனால் அப்படி ஒரு வழியை நான் யோசித்ததே இல்லை.

ஞாயிறு வந்தது. ஜெனி முதலில். உறுமல் வர வேண்டிய சுரங்களை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி வாசித்தாள். அழகாக இருந்தது. அந்தக் கடைசிச் சுற்றின் வேகத்தை இந்தத் தடவை பிடித்துவிட்டாள், அதற்காக எத்தனை மதியச் சாப்பாட்டை விட்டாளோ. ஆனால் ஐந்தும் ஏழும் சேருகிற இடத்தில் இறங்கப் பள்ளமில்லை. எங்கே போவது என்று தெரியாமல் விரல் நின்றது. நிறுத்திவிட்டாள்.

கார்த்திக் வந்து நின்றதும், தடித்ததற்கு அடுத்த தந்தியின் முறுக்காணியைத் திருகி, இறக்கிக்கொண்டே போனான். தந்தி தொளதொளவென்று ஆனது. அதை ஆழத்துக்கு இறக்கினால் உறுமல் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அந்தத் தந்தியில் இருக்கிற ஒவ்வொரு சுரமும் இடம் மாறிவிடும், கை எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டும். அதைவிட மோசம், தொளதொளத்த தந்தியைக் கொஞ்சம் அழுத்தி அடித்தாலும் பலகையில் மோதிச் சளசளக்கும். சம்மட்டிக் கைக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

தொடங்கினான். சளசளப்பு இல்லை.

"தாடைய வைங்கக்கா" என்றான் வாசித்துக்கொண்டே.

வைத்தேன். எலும்புக்குள் வந்த ஒவ்வொரு அடியும் ஒரே கனம். சம்மட்டி இல்லை. குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற கனம். ஒவ்வொரு சுரமும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"டேய், காலைல இன்னா துன்ன?" என்றார் பாய், விடாமல்.

"இட்லி பாய், வடகறி. எங்கம்மா இன்னா சொல்லுச்சு தெரியுமா, ஒரு வாரமா தூங்கவுடாம டொய்ங் டொய்ங்ன்னு இத்தயே தடவிகினு கீறியே, பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிச்சான்னு கேட்டுச்சு." ஏழு ஓடியது. அறை முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஆற்றைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஜெனி சொன்னாள்.

"அவன்தான்க்கா."

"ஆமா" என்றேன். "இந்த வாட்டி எல்லாத்துலயும்."

அவள் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள். கார்த்திக்கிடம் போய், "அந்த முறுக்க எவ்ளோ எறக்கின? காட்டு" என்றாள். அவன் காட்டினான். பார்த்துவிட்டு, தன் பேஸை உறையில் போட்டாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"அடுத்த மாசம் வரேன். சீட்ட சூடா வெச்சிரு."

"வா" என்றான் அவன்.

இப்போது அது எங்கள் மாடியில் வழக்கமாகிவிட்டது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு மூன்று தந்திப் பரீட்சை. ஜெயித்தவர் அந்த மாதம் முகத்துவாரத்துக்கு உட்காருவார். ஜெனி ஒரு மாதம் அவனைக் கிளப்பினாள், அவன் திரும்பப் பிடித்தான், அவள் மறுபடியும் கிளப்பினாள். இருவரில் யார் பெரிய பேஸ் என்று கேட்டால், இந்த மாதம் யார் என்று நான் ஆதாரத்தோடு சொல்வேன். அடுத்த மாதம் யார் என்று எனக்குத் தெரியாது. கடல் கடந்த ஆட்களை ஒப்பிட்டுச் சட்டையைக் கிழித்துக்கொள்ளும் நேரத்தில் அந்த மாடிப்படியை ஏறிப் பாருங்கள்.

அந்த முதல் மூன்று தந்தி ஞாயிறு முடிந்து வீட்டுக்கு வந்தேன். பெட்டியைத் திறந்தேன். பேஸை மடியில் வைத்தேன். மோதிர விரல் மடங்கி, வழக்கம்போல நிமிர மறுத்தது. அந்தப் பையன் தன் கையையே மாற்றிக்கொண்டு வந்து நின்றான். எனக்கு என்ன வந்தது? ஒரு கீறலுக்குப் பயந்தா பெட்டியை மூடினேன்? எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. மறுநாள் காலை டாக்டர் முன்னால் போய்க் கையை நீட்டினேன். "கீறுங்க" என்றேன். கத்தியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, சத்தமாக ஏழடி சொன்னேன். நர்ஸம்மா ஜெபம் என்று நினைத்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்தாயிற்று. விரல் நிமிர்கிறது. இன்னும் விறைப்புதான், வேகம் வரவில்லை, ஆனால் தாடையை வைத்துக் கேட்டால் கனம் சரியாக வருகிறது. கச்சேரித் தொழிலிலிருந்துதான் எனக்கு ஓய்வு. அந்தப் பாட்டை விட்டு ஓய்வு பெற்றதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கார்த்திக்கிடமும் ஜெனியிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பரம சந்தோஷம்.

சீட்டு ஒன்றுதான். அடுத்த ஞாயிறு அதைக் கேட்டு நிற்கப்போவது மூன்று பேர். நாலாவதாக வருகிறவர், தடித் தந்தியைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.